2,10,000 கிலோமீட்டர் ஓடிய எம்3: சூப்பர்சார்ஜர் தாங்குமா?

நீங்கள் கேட்டது இது: 2003-இல் தயாரான பி.எம்.டபிள்யூ இ46 எம்3, கையால் மாற்றும் ஆறு கியர், ஓடோமீட்டரில் 2,10,000 கி.மீ. ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஓட்டுகிறீர்கள். பந்தயத் தடத்துக்கு எப்போதாவது, ஆட்டோபான் என்ற ஜெர்மன் அதிவேகச் சாலைக்கு வாரந்தோறும். 12,000 யூரோ ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். திறனைக் கூட்ட, கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரோ (எஞ்சினே சுழற்றுவது) டர்போவோ (வெளியேறும் புகை சுழற்றுவது) இத்தனை தூரம் ஓடிய எஞ்சினில் மாட்டினால் தாங்குமா, இரண்டில் எது நல்லது என்பது கேள்வி.

தாங்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் கணக்கு அல்ல. ஓடோமீட்டர் எஞ்சினின் வயதைச் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது. 90,000 கி.மீ. மட்டுமே ஓடி, குளிரில் எழுப்பிய உடனே விரட்டப்பட்ட எஞ்சினை நான் பிரித்திருக்கிறேன். பேரிங் கந்தலாக இருந்தது. 2,40,000 கி.மீ. ஓடியும் சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் கீறிய குறுக்குக் கோடுகள் அப்படியே தெரிந்த எஞ்சினையும் பார்த்திருக்கிறேன். உங்களுடையது இவற்றில் எந்தப் பக்கம் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல், மாட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பான கிட்டை வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். மீதியெல்லாம் அதன் விளக்கம்.

பழைய எஞ்சின் என்றதுமே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஃபார்முலா 1-இலிருந்து ஒரு செய்தி. 1983-இல் நெல்சன் பிக்கே பிரபாம் காரில் உலகப் பட்டம் வென்றபோது அவர் முதுகுக்குப் பின்னால் உறுமியது நான்கு சிலிண்டர், 1.5 லிட்டர் பி.எம்.டபிள்யூ டர்போ எஞ்சின். அதன் வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சினின் உடல்), 1960-களிலிருந்து சாதாரணக் குடும்பக் கார்களில் வந்த எம்10 வகையைச் சேர்ந்தது. பி.எம்.டபிள்யூவின் எஞ்சின் வடிவமைப்பாளர் பால் ரோஷேயின் குழு, சாலையில் நெடுந்தூரம் ஓடிய பிளாக்குகளைத் தேடி எடுத்தது. பல ஆண்டுகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வார்ப்புக்குள் இருந்த இறுக்கமெல்லாம் தளர்ந்து, அந்த இரும்பு ஒரு வடிவத்தில் நிலைத்துவிட்டிருக்கும் என்பதே காரணம். ஆனால் அந்தப் பழைய பிளாக்குக்குள் அவர்கள் வைத்த கிராங்க், ராட், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதியவை. உங்கள் எம்3-இல் இருக்கும் எஸ்54 எஞ்சினின் பிளாக்கும் வார்ப்பிரும்புதான். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்குள் சுழல்கிறவையும் அதைச் சுற்றி அடைத்துக்கொண்டிருப்பவையும்தான் கவலைக்குரியவை.

எஸ்54 ஏன் இந்த வேலைக்குக் கடினமான எஞ்சின் என்பதையும் சொல்ல வேண்டும். 3,246 சி.சி., வரிசையாக ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் காற்றைத் திறந்து மூடும் தனித்தனி திராட்டில், நிமிடத்துக்கு 7,900 சுற்றில் (ஆர்.பி.எம்.) 343 குதிரைத்திறன், 8,000 வரை சுழலும். கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, 11.5-க்கு 1. இது இயல்பாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சினின் உச்சக்கட்ட வேலைப்பாடு. காற்றைத் திணிப்பார்கள் என்று நினைத்து யாரும் இதை வரையவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: 1973-இல் பி.எம்.டபிள்யூ ‘2002’ என்று பெயரிட்ட தன் காருக்கு டர்போ மாட்டியபோது, கலவை அளவுக்கு மீறிச் சூடாகாதிருக்க கம்ப்ரஷனை 6.9-க்கு இறக்கியது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய டர்போ எஞ்சின்கள் உயர்ந்த கம்ப்ரஷனில் ஓடுகின்றன. உங்களுடையதில் பெட்ரோல் வால்வுக்கு வெளியே, நுழைவழியில்தான் கலக்கிறது. சிலிண்டருக்குள்ளேயே ஆவியாகி அதைக் குளிர வைக்கும் உதவி உங்களுக்குக் கிடையாது. ஆகவே காற்றழுத்தத்தை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உங்கள் எஞ்சினில் கறாரான எல்லை உண்டு.

முதலில் பேரிங். பிஸ்டனையும் சுழலும் கிராங்க் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். அது கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் மேல், கீழ் என இரண்டு பாதியாக இருக்கும் பேரிங் இந்த எஞ்சினின் பலவீனம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2001 முதல் 2003 வரை வந்த பல கார்களைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தார். உங்கள் காருக்கு அது நடந்ததா என்பதை ரசீதில் தேடுங்கள். நடந்திருந்தாலும் அது ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு முந்தைய பேரிங்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று கண்ணால் பார்ப்பதுபோலச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் 2002 எம்3 எங்கள் பட்டறைக்கு இழுவை வண்டியில் வந்தது. வேறோர் இடத்தில் மூன்றே நாளில் சூப்பர்சார்ஜர் மாட்டிக் கொடுத்திருந்தார்கள். எஞ்சினை யாரும் அளந்து பார்க்கவில்லை. 4,000 கி.மீ. ஓடியதும் அடியிலிருந்து மரத்தில் சுத்தியல் தட்டுவதுபோல ஒரு சத்தம். ஆயில் சம்பைக் கழற்றியபோது ஆயிலில் தங்கப்பொடி தூவியதுபோல மின்னியது. முதல் ராட்டின் தொப்பியைக் கழற்றி மேல் பேரிங்கை எடுத்தேன். நல்ல பேரிங் மங்கிய வெள்ளிபோல இருக்கும். இது நடுவில் முழுக்கச் செம்பு நிறம். ஓரங்களில் மட்டும் சாம்பல் எஞ்சியிருந்தது. கீழ் பாதி அந்த அளவுக்கு மோசமில்லை.

மேல் பாதி மட்டும் ஏன் அப்படித் தேய்ந்தது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இருக்கிறது. சிலிண்டருக்குள் எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே அடிக்கும்போது அந்த அடியைத் தாங்குவது மேல் பேரிங். பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதைப் பிடித்து இழுப்பதன் பாரம் கீழ் பேரிங்கிலும் ராட் போல்ட்டிலும் விழும். காற்றைத் திணித்தால் முதல் பாரம்தான் கூடும். இரண்டாவது பாரம் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். எஸ்54-இல் பிஸ்டன் பயணிக்கும் தூரம் 91 மி.மீ. 8,000 ஆர்.பி.எம்-இல் அதன் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டருக்கு மேல். உச்சியில் திரும்பும் கணத்தில் அதன் மீதான முடுக்கம் புவியீர்ப்பைப்போல 4,000 மடங்கைத் தாண்டும். சூப்பர்சார்ஜர் மாட்டிய பிறகு, எஞ்சின் கணினியை அதற்கேற்ப அமைத்துத் தரும் ட்யூனர் யாராவது “இன்னும் 300 ஆர்.பி.எம். ஏற்றித் தருகிறேன்” என்றால் மறுத்துவிடுங்கள். மாறாக 7,600-க்கு இறக்கிக்கொண்டால் அந்த இழுவிசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். திறன் எப்படியும் கூடப்போகிறது. அந்தக் கடைசி 400 சுற்றுகளை விட்டுக்கொடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஆகவே, உங்கள் காரில் பேரிங்கைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யலாமா என்று யோசிக்க வேண்டாம். நேராக மாற்றிவிடுங்கள். எஞ்சினைக் கீழே இறக்காமல், முன் சப்ஃபிரேம் என்ற அடிச்சட்டத்தை மட்டும் இறக்கி அடியிலிருந்தே செய்யக்கூடிய வேலை இது. ராட் போல்ட் ஒருமுறை இறுக்கினால் முடிந்தது. பழையதை மீண்டும் போடக் கூடாது. கழற்றிய பன்னிரண்டு பாதிகளையும் சிலிண்டர் எண் எழுதி வரிசையாக மேஜையில் வைக்கச் சொல்லுங்கள், நீங்களே நேரில் பாருங்கள். பன்னிரண்டும் ஒரே மாதிரி லேசாகத் தேய்ந்திருந்தால் நல்ல எஞ்சின். ஒன்று மட்டும் தனியாக மோசமாக இருந்தால் அந்த கிராங்க் பின்னை மைக்ரோமீட்டரால் அளக்காமல் மேலே போகக் கூடாது.

அடுத்தது சிலிண்டர்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் மட்டும் போதாது. லீக்டவுன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தத்தை ஏற்றி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்க்கிறார்கள். எண்ணைவிட முக்கியம், காற்று எங்கே போகிறது என்பது. அதற்குக் காது போதும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காதை வையுங்கள். அங்கே ‘உஸ்’ என்று கேட்டால் பிஸ்டன் ரிங். சைலன்சர் குழாயில் கேட்டால் வெளியேற்று வால்வு. காற்று நுழையும் பக்கம் கேட்டால் உள்வாங்கு வால்வு. கூலன்ட் தொட்டியில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். அப்படியானால் இந்தப் பேச்சையே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். என் அனுபவத்தில் ஆறு சிலிண்டரும் 10 சதவீதத்துக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் தாராளமாக மேலே போகலாம். ஐந்து சிலிண்டர் 6, 7 என்று இருக்க ஒன்று மட்டும் 20-ஐத் தொட்டால், திணிக்கும் அழுத்தம் முதலில் அந்த இடத்தைத்தான் உடைக்கும்.

ரிங் கசிவு அதிக தூரம் ஓடிய எஞ்சினுக்கு மட்டுமே உரிய ஓர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, ஆயில் ஆவியைச் சுமந்துகொண்டு மீண்டும் காற்று நுழையும் பாதைக்கே வந்து சேர்கிறது. எஞ்சினின் அமைப்பே அப்படி. அந்த ஆயில் மூடுபனி பெட்ரோலோடு கலந்தால் கலவையின் ஆக்டேன் திறன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், குறைகிறது. நீங்கள் பெட்ரோல் பங்க்கில் 98 ஆக்டேனுக்குப் பணம் கொடுத்திருப்பீர்கள். சிலிண்டருக்குள் போவது அதைவிடத் தாழ்ந்ததாக இருக்கும். நாக்கிங் அங்கே தொடங்கும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ இன்னும் வந்து சேராத மூலையில், அழுத்தத்தாலும் சூட்டாலும் கலவை தானாகவே பட்டென்று வெடிப்பதுதான் நாக்கிங். அதன் அதிர்வு பிஸ்டனில் ரிங் உட்காரும் காடிகளுக்கு இடையிலான மெல்லிய திட்டை உடைக்கும். உடைந்தால் ரிங் இன்னும் கசியும்; கசிந்தால் ஆயில் ஆவி இன்னும் கூடும். இது ஒன்றை ஒன்று வளர்க்கும் சுழல். திணிப்பு எஞ்சின்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். வெறும் அழுத்தம் கொல்வதைவிட நாக்கிங் கொல்வது அதிகம். ஆயிலைப் பிரித்து வைக்கும் கேட்ச் கேன் ஒன்றும், திணித்த காற்று கிராங்க் அறைக்குள் திரும்பப் புகாதபடி நல்ல ஒருவழி வால்வும் கட்டாயம் வேண்டும். கிட்டோடு வரும் மலிவான பிளாஸ்டிக் வால்வை நம்ப வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பில், வெளியேற்று கேம்ஷாஃப்டின் நுனியில் இருக்கும் ஹப்பின் இரண்டு சிறு பற்கள் ஒடியும். ஒடிந்த துண்டு எங்கே விழும் என்பதைச் சொல்ல முடியாது. அதைத் திறந்து பார்த்து, வலுவூட்டிய ஹப்பைப் போடுங்கள். வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் அது தானாகச் சரிசெய்துகொள்வதில்லை, தகடு மாற்றித்தான் சரிசெய்ய வேண்டும். இறுகிப்போன வெளியேற்று வால்வு முழுதாக மூடாமல், சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் எரிந்துபோகும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் குழாய்கள், அந்தப் பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி இவற்றில் எது பழையது என்று ஆராய நேரம் செலவழிக்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள்.

காரின் அடிப்பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. பின் சப்ஃபிரேம் மாட்டியிருக்கும் தரைத்தகடு இ46-இல் விரிசல் விடும். எஞ்சின் முறுக்கும் முறுக்கு முழுவதும் அந்த நான்கு புள்ளிகளில்தான் இறங்குகிறது. சப்ஃபிரேமை இறக்கி, அடிப்பூச்சைச் சுரண்டி, வெறும் இரும்பைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பூச்சுக்கு மேலே விளக்கடித்துப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று சொல்வதை ஏற்காதீர்கள். விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திறனைக் கூட்டுவதற்கு முன் வலுவூட்டும் தகடுகளை வெல்டிங் செய்துவிடுவது நல்லது. சப்ஃபிரேம் எப்படியும் கீழே இறங்கியிருக்கும்போது டிஃபரென்ஷியலைத் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி) தாங்கும் புஷ்களையும் மாற்றிவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, எதை மாட்டுவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் எஞ்சினுக்கு என் தேர்வு, பெல்ட்டால் சுழலும் மையவிலக்கு சூப்பர்சார்ஜர். சாலையில் டர்போ தரும் இன்பம் பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் டர்போ தன் அழுத்தம் முழுவதையும் நடு வேகத்திலேயே, 3,500, 4,000 சுற்றிலேயே தந்துவிடும். அந்த வேகத்தில் பிஸ்டன் உச்சியில் தங்கும் நேரம் அதிகம். கலவை வெந்துகொண்டிருக்கும் நேரமும் அதிகம். நாக்கிங்குக்கு வசதியான இடம் அது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் வேகம் கூடக்கூடத்தான் வலுப்பெறுகிறது; குறைந்த வேகத்தில் பெரிய அடி விழுந்தால் அது நசுங்கும். மையவிலக்கு வகையின் குணம் நேர்மாறானது. அதன் அழுத்தம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 8,000-இல் 0.45 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) தரும் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், 4,000-இல் 0.11 பார் அளவே தரும். எஞ்சினின் சொந்தக் குணம் மாறாது. மேலே போகப்போகக் காற்று சேர்ந்துகொண்டே போகும். அந்த ஆறு திராட்டில்களையும் இழக்க வேண்டியதில்லை. திருகு வகை சூப்பர்சார்ஜருக்காக அந்த அமைப்பையே கழற்றி எறிவது, கோயிலுக்குள் கடை வைக்கச் சிற்பத்தூணை இடிப்பது மாதிரி எனக்குத் தோன்றும்.

டர்போவேதான் வேண்டும் என்றால் எஞ்சினை முழுதாகப் பிரித்து, கம்ப்ரஷன் குறைந்த ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், புதிய ராட், ஹெட் ஸ்டட், பல அடுக்கு உலோக கேஸ்கெட் என்று போக வேண்டும். நல்ல வழிதான், ஆனால் அது 12,000 யூரோவில் முடியாது.

அழுத்தம் எவ்வளவு? 0.45 பாருக்கு மேல் போகாதீர்கள், அதுவும் திணித்த காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு. இன்டர்கூலர் இல்லாத ஆரம்பநிலை கிட் விலை குறைவாக இருப்பதால் ஆசை காட்டும். கணக்கைப் பாருங்கள். 25 பாகை செல்சியஸ் காற்றை 1.45 மடங்குக்கு அழுத்தினால், கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனுடன் வேலை செய்தாலும், காற்று 73 பாகைக்குச் சூடாகிவிடும். சூடான காற்று விரியும் என்பதால், 45 சதவீதம் அதிக அழுத்தம் கொடுத்தும் உள்ளே போகும் காற்று 25 சதவீதம்தான் கூடியிருக்கும். அதே காற்றை 40 பாகைக்குக் குளிர்வித்தால் 38 சதவீதம் வரை கிடைக்கும். கூடுதல் திறன் ஒரு பக்கம் இருக்கட்டும். 33 பாகை குளிர்ந்த காற்று நாக்கிங்கிலிருந்து எஞ்சினைக் காப்பாற்றுகிறது என்பதுதான் பெரிய ஆதாயம். அதிக தூரம் ஓடிய எஞ்சினுக்கு இன்டர்கூலர் அலங்காரம் அல்ல, மருந்து.

நீங்கள் ஜெர்மனியில் ஓட்டுகிறீர்கள் என்பது இங்கே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. இந்த கிட்களைப் பற்றி இணையத்தில் வாசிக்கிறவற்றில் பெரும்பகுதி அமெரிக்க அனுபவம். அங்கே நெடுஞ்சாலையில் முழு திராட்டில் என்பது ஐந்தாறு விநாடி. அதற்குள் வேக எல்லை வந்துவிடும். வேக எல்லை இல்லாத ஆட்டோபான் பகுதியில் நீங்கள் ஐந்தாவது, ஆறாவது கியரில் நிமிடக்கணக்கில் முழு பாரத்தில் ஓட்ட முடியும். பத்து விநாடியில் சூடேறாத இன்டர்கூலர் இரண்டு நிமிடத்தில் சூடேறிவிடும். ஆயிலின் வெப்பம், வெளியேறும் புகையின் வெப்பம், பிஸ்டன் தலையின் வெப்பம் எல்லாம் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். திறனை அளக்கும் டைனமோமீட்டரில் எட்டு விநாடி ஓட்டத்தில் அழகாகத் தெரியும் ட்யூனிங், மூன்றாவது நிமிடத்தில் உங்கள் எஞ்சினைக் கொல்லலாம். ட்யூனரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “காற்றின் வெப்பம் 60 பாகையைத் தாண்டினால் என் காரின் இக்னிஷன், அதாவது கலவையைப் பற்றவைக்கும் தருணம், கிராங்க் கோணத்தில் எத்தனை பாகை பின்வாங்கும்?” உடனே பதில் சொல்கிறவரிடம் காரைக் கொடுங்கள்.

ட்யூனிங் பற்றிப் பேசும்போது எரிபொருளையும் பார்க்க வேண்டும். காற்று மூன்றில் ஒரு பங்கு கூடினால் பெட்ரோலும் அதே அளவுக்கு மேல் கூட வேண்டும். பெரிய இன்ஜெக்டர், புதிய பெட்ரோல் பம்ப், புதிய ஃபில்டர் மூன்றும் தேவை. இருபது ஆண்டு பழைய பம்ப் சாதாரண ஓட்டத்தில் குறையே காட்டாது. 7,000 சுற்றில் முழு அழுத்தம் வரும்போதுதான் மூச்சு வாங்கும். அந்த ஒரு விநாடி கலவை வறண்டால் போதும், பிஸ்டன் தலை உருகும். முழு பாரத்தில் காற்று-எரிபொருள் விகிதம் 12-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த விகிதத்தைப் புகையில் அளக்கும் வைட்பேண்ட் உணர்கருவியை நிரந்தரமாகப் பொருத்தி, ஓட்டும்போதே பார்க்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகை, இடைவெளி சற்றுக் குறைவாக. பங்கில் 98 ஆக்டேன் குறைந்தபட்சம். ஜெர்மனியில் 100, 102 ஆக்டேன் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிறது, அதையே எப்போதும் போடுங்கள். ஆனால் ட்யூனிங்கை 98-க்கே செய்யச் சொல்லுங்கள். ஏதோ ஓர் இரவில், ஏதோ ஒரு கிராமத்தில், நல்ல பெட்ரோல் தீர்ந்துபோன பங்கில் நீங்கள் நிற்கத்தான் போகிறீர்கள்.

கிளட்ச் பழையது என்றால் வழுக்கும், மாற்றுங்கள். கியர்பாக்ஸ் தாங்கும். பிரேக்கில் நல்ல பேடும் புதிய திரவமும் போதும்.

சட்டத்தை விட்டுவிட முடியாது. ஜெர்மனியில் இப்படி ஒரு மாற்றம் செய்து, அதைப் பதிவு செய்யாவிட்டால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். காப்பீட்டிலும் சிக்கல் வரும்; விபத்து நடந்த அன்று அது தெரிய வந்தால் தாங்க முடியாது. தனிவாகன ஒப்புதல் வாங்க வேண்டும். கிட் வாங்கும் முன்பே, அதற்கான ஆவணங்களை எடுத்துக்கொண்டு ட்யூஃப் என்ற ஜெர்மன் வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனையாளரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்: புகைச் சான்று, சத்த அளவு, பிரேக் என்று என்னென்ன கேட்பார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ஒப்புதல் ஆவணத்தோடு வரும் கிட் விலை கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

பணத்துக்கு வருவோம். 12,000 யூரோவில் கிட் ஒன்றே பெரும்பங்கை விழுங்கிவிடும். அதனால்தான் பலர் அடித்தள வேலையை “பிறகு பார்க்கலாம்” என்று தள்ளுகிறார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். இந்த ஆண்டு லீக்டவுன் டெஸ்ட், பேரிங், வானோஸ், குளிர்விப்பு, தரைத்தகடு. சோதனை நன்றாக வந்தால் ஓர் ஆண்டு அப்படியே ஓட்டுவேன்; இடையில் இரண்டு முறை ஆயில் மாற்றும்போது சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயம், செம்பு, இரும்பு அளவுகளைப் பார்ப்பேன். இரண்டாவது அறிக்கையில் எண்கள் ஏறாமல் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம் என்று பொருள். கிட் அப்போதுதான். அதற்குள் இன்னும் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கும்.

அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் காரின் இறுதி விகிதம் 3.62. டிஃபரென்ஷியலில் 4.10 விகிதப் பற்சக்கரம் போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் விசை 13 சதவீதம் கூடும். பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஒரு கிராம்கூடக் கூடுதல் பாரம் இல்லை. ஆட்டோபானில் எஞ்சின் சற்று உரக்கப் பாடும், அவ்வளவுதான். தரைத்தகடு வேலைக்கு எப்படியும் டிஃபரென்ஷியல் கீழே இறங்கியிருக்கும், கூலி மிச்சம். இதைச் செய்த பலர் சூப்பர்சார்ஜர் எண்ணத்தையே விட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கிட் நிச்சயம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் 3.62-ஐ மாற்ற வேண்டாம். கூடுதல் திறனுக்கு அந்த நீண்ட கியர்தான் பொருந்தும்.

கடைசியாக, கிட் மாட்டிய பிறகும் மாட்டாத இன்றும் ஒரே மாதிரி செய்ய வேண்டியது ஒன்று. ரெவ் கவுன்டரில் அந்த ஆரஞ்சு விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும் வரை 3,000-க்கு மேல் போகாதீர்கள். அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள். 10டபிள்யூ-60 ஆயில் குளிரில் தேன்போலக் கெட்டியாக இருக்கும், பேரிங்குக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆயிலை 8,000 கி.மீ-க்கு ஒருமுறை மாற்றுங்கள். லீக்டவுன் டெஸ்ட் முடிந்ததும் ஆறு சிலிண்டரின் எண்களையும், காற்று எந்தப் பக்கம் கசிந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் புல்லி போடலாம் என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.